வாயில் நுரை தள்ளிய பசு

றொசல்ல பகுதியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்துக்கே இம்மாதம் இப்பக்கத்தை ஒதுக்கியிருக்கிறோம். தமது பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். 2009இல் வன்னியில் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு தாயின் லயத்துக்குத் திரும்பி வந்தவர். காலையில் கொழுந்து பறிக்கிறார். பின்னேரம் புல்லறுத்து ஒரு பசுவை வளர்த்து வந்தார்.

அந்தப் பசு ஒருநாள் புல் தின்ன மறுத்தது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வடிந்தது. குரல் மாறி, கரகரத்த தொண்டையோடு இரவெல்லாம் கத்தியது. ஏதோ கிழங்கு தொண்டையில் சிக்கிவிட்டது என்று நினைத்து, இவர் கையை முழங்கைவரை வாய்க்குள் விட்டுத் துழாவிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. மறுநாள் பின்னங்கால்கள் தளர்ந்து பசு படுத்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் செத்தது. லயத்தார் கூடிக் குழிவெட்டிப் புதைத்தார்கள். அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஒன்றரை மாதத்துக்கு முன்னர் எங்கிருந்தோ வந்த நாயொன்று அந்தப் பசுவின் காலைக் கடித்துவிட்டு ஓடியதாம்.

"நாலு வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பாலைக் குடித்தார்கள். அவர்களுக்கு ஏதும் ஆகுமா?" இதுதான் அவருடைய கேள்வி. தமது கையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

கடிதத்தில் தொலைபேசி இலக்கம் இருந்தபடியால் அன்றே பேசினோம். "பாலை விடுங்கள் அக்கா, முதலில் உங்கள் கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றோம். போனார். இதை எழுதும்போது மூன்று தடவை ஊசி போட்டாயிற்று. நான்காவதற்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள்.

விசர் என்றால் நாய்க்கு வருவது, அதுவும் கடித்தால் மட்டும் தொற்றுவது என்றுதான் எங்களில் அநேகர் எண்ணியிருக்கிறோம். இரண்டும் பாதி உண்மைதான். பாலூட்டி விலங்கு எதற்கும் இந்நோய் வரலாம். பூனை, ஆடு, மாடு, நரி, கீரி எல்லாம் இதில் அடங்கும். நாய் கடித்த மாடு எங்களைக் கடிக்க வேண்டும் என்பதில்லை. கிருமி இருப்பது எச்சிலில். அந்த எச்சில் புண்ணிலோ, கீறலிலோ, கண்ணிலோ, வாயிலோ பட்டால் போதும். கொழுந்து பறிக்கும் விரல்களில் வெடிப்பும் கீறலும் இல்லாத நாள் ஏது? நோயுள்ள மாட்டின் வாய்க்குள் அந்த விரல்கள் போவதும் நாய்க்கடியும் ஏறக்குறைய ஒன்றுதான். கடித்தால் இரத்தம் வரும், பயந்து வைத்தியரிடம் ஓடுவோம். இதில் வலியும் இல்லை, காயமும் இல்லை. கையைக் கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

மாட்டுக்கு விசர் வந்தால் அது நாயைப்போல் துரத்திக் கடிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சில மாடுகள் முட்டும், மிரளும். பல மாடுகள் சோர்ந்து நிற்கும். தின்னாது, விழுங்க முடியாது, எச்சில் ஒழுகும், குரல் மாறும், சாணம் போட முக்கும், பின்பக்கம் தள்ளாடும். பிறகு விழுந்து, சில நாட்களில் செத்துவிடும். விழுங்க முடியாமல் நிற்பதைப் பார்ப்பவர்களுக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியதாகவே தோன்றும். இந்த நோயின் பெரிய ஏமாற்று அதுதான்.

கால்வாய் நோயிலும் வாயில் எச்சில் வடியும். அதில் நாக்கிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் இருக்கும். மாட்டிலிருந்து மாட்டுக்கு வேகமாகப் பரவும், ஆனால் மனிதருக்கு ஆபத்தானதல்ல. எது எதுவென்று கண்டுபிடிக்க நாமே வாயைத் திறந்து பார்க்கப் போவதுதான் வினை. எச்சில் வடியும் மாட்டைத் தனியே கட்டிவிட்டு அரச மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள். தண்ணீர் வைக்கவோ கொட்டிலைக் கழுவவோ வேண்டியிருந்தால், கையுறை இல்லாவிட்டாலும் கனமான பொலித்தீன் பையைக் கையில் மாட்டி மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கிட்டவிட வேண்டாம். செத்துப்போனால் தோலுரிக்கவோ இறைச்சியாக்கவோ கூடாது. அவசரப்பட்டுப் புதைக்கவும் வேண்டாம், மிருக வைத்தியர் வரும்வரை பொறுங்கள். தலையைக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பினால் நோய் இருந்ததா இல்லையா என்று திட்டமாகச் சொல்வார்கள். எங்கள் சகோதரியின் பசுவைப் புதைத்து நாளாகிவிட்டது. ஆகவே நோய் இருந்ததாகவே வைத்துக்கொண்டு வைத்தியர் சிகிச்சையைத் தொடங்கினார்.

இனி அவர் கேட்ட பால் விடயம். காய்ச்சிய பாலில் இந்தக் கிருமி பிழைக்காது. தேநீரில் கலந்த பாலும் பிள்ளைக்குக் கொதிக்க வைத்துக் கொடுத்த பாலும் பயப்பட வேண்டியவை அல்ல. பச்சைப்பாலாகக் குடித்தவர் யாரும் இருந்தால் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும், அவர் தீர்மானிப்பார். இந்த நாலு வீட்டிலும் காய்ச்சித்தான் குடித்திருக்கிறார்கள். விசர் இல்லாத மாட்டின் பாலையும் காய்ச்சியே குடியுங்கள். காசநோயும், மாட்டில் கன்று கலைக்கும் புருசெல்லோசிஸ் நோயும் பச்சைப்பால் வழியாக மனிதருக்கு வரக்கூடியவை.

கிருமி உடம்புக்குள் போன பிறகு என்ன நடக்கிறது? அது நேரே இரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. நுழைந்த இடத்திலுள்ள நரம்பைப் பிடித்துக்கொண்டு, அந்த நரம்பு வழியாக மூளையை நோக்கி மெதுவாக ஏறும். சாதாரணமாக இரண்டு மூன்று மாதங்கள் எடுக்கும். சிலருக்கு ஒரு கிழமையிலும் வரலாம், சிலருக்கு ஒரு வருடம் வரை போகலாம். முகம், கழுத்து, கை ஆகியவற்றில் பட்டால் வழி குறுகியது. அந்த நாட்களில் ஆள் சுகமாகவே இருப்பார். மூளையை அடைந்து காய்ச்சல், பிதற்றல், தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகுதல் என்று தொடங்கிவிட்டால் காப்பாற்ற மருந்தில்லை. சாவுதான். ஆனால் அது மூளையை அடையுமுன் ஊசியைத் தொடங்கினால் ஆளைக் காப்பாற்றிவிடலாம். மனிதருக்கு வரும் நோய்களில் இவ்வளவு கொடியதாகவும், இவ்வளவு இலகுவாகத் தடுக்கக்கூடியதாகவும் இன்னொன்றைச் சொல்வது கடினம்.

முதல் மருந்து உங்கள் பீலிக்கரையிலேயே இருக்கிறது. இந்தக் கிருமிக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சவர்க்காரம் பட்டால் அந்த உறை கரைந்து கிருமி செத்துவிடும். கடிபட்ட இடத்தையோ எச்சில் பட்ட இடத்தையோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். ஒரு பானைச் சோறு கொதித்து வரும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், கோப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம், அவை புண்ணை ரணமாக்கும். நூல் கட்டுவதும் மந்திரிப்பதும் மனத்துக்கு ஆறுதல் என்றால் யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு அதைச் செய்யுங்கள்.

கழுவிய கையோடு அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஊசி இலவசம். பழைய காலத்தில் வயிற்றைச் சுற்றிப் போட்ட ஊசிகளைப் பெரியவர்கள் சொல்லிப் பயமுறுத்துவார்கள். அந்த ஊசி இப்போது இல்லை. இப்போது தோலுக்குள் சிறிதாகப் போடுகிறார்கள், முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று. காயம் பாரதூரமானதென்றால் அதைச் சுற்றிப் பிறபொருளெதிரி மருந்தும் ஏற்றுவார்கள். அது எல்லாச் சிறிய வைத்தியசாலைகளிலும் இருக்காது, பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினால் போய்விடுங்கள். பிந்திவிட்டது, இனி எதற்கு என்றும் விட்டுவிடாதீர்கள். மாடு செத்து ஒரு மாதமானாலும், நோய்க்குறி தொடங்கவில்லை என்றால் ஊசி போடலாம்.

இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது இருபது முப்பதளவுக்குக் குறைந்திருக்கிறது. நாய்களுக்கு ஊசி போட்டதும் மனிதருக்கு இலவசமாக ஊசி கிடைத்ததும்தான் காரணம். இன்னும் இறப்பவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாமலே விட்டவர்கள், பிந்திப் போனவர்கள், அல்லது இடையில் நிறுத்தியவர்கள். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அவர்களில் பத்துக்கு நாலு பேர் பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள்.

தமிழ்நாட்டு மலைநாட்டிலும் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1902இல் ஓர் ஆங்கிலப் பெண்ணை விசர்நாய் கடித்தது. பாரிசில் லூயி பாஸ்டர் 1885இலேயே ஊசியைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அந்த மருந்து கிடைக்க வேண்டுமென்றால், இமயமலைப் பக்கம் இருந்த கசௌலிக்குப் போக வேண்டும். அவர் இறந்துபோனார். அந்தச் சாவின் பிறகுதான் தென்னிந்தியாவுக்கென்று ஒரு நிலையம் வேண்டும் என்ற முயற்சி எழுந்து, 1907இல் குன்னூரில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே, பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது.

றொசல்லயிலிருந்து ஆஸ்பத்திரி அவ்வளவு தூரமில்லை, பஸ்ஸில் போய்விடலாம். தூரம் வேறு இடத்தில் இருக்கிறது. மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது. நான்கு ஊசி என்றால் நான்கு நாள் பேர், பஸ் காசு வேறு. தனியாகக் குடும்பம் நடத்தும் ஒரு பெண் முதல் ஊசிக்குப் போவாள், இரண்டாவதற்கும் போவாள். காயம் ஆறியபின் மூன்றாவதை விட்டுவிடுவாள். அலட்சியம் என்று அவளைத் திட்டுவது சுலபம். அந்த நாட்களில் அவளுக்கு அரைப்பேராவது போடச் சொல்லித் தோட்டத் துரையிடமும் தலைவரிடமும் கேட்பதுதான் பலன் தரும். கிளினிக் துண்டைக் காட்டி, தோட்ட வைத்திய உதவியாளரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். தனியே கேட்காமல் நாலைந்து பெண்கள் சேர்ந்து போங்கள்.

பிள்ளைகள் விடயத்திலும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாய்க்குட்டி கீறியதை, "அடி விழும்" என்று பிள்ளை மறைத்துவிடும். கடிபட்டு வந்த பிள்ளைக்கு அடிக்க மாட்டேன் என்று இன்றைக்கே சொல்லிவையுங்கள். பிள்ளை மடுவத்து ஆயாவிடமும் சொல்லுங்கள்.

இதை வாசிக்கும் வன்னித் தோழியருக்கும் ஒரு வார்த்தை. 1977, 1983 வன்செயல்களின்போது இந்தத் தோட்டங்களிலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன குடும்பங்கள் பல, இன்றும் இங்கே உறவு உண்டு. மலையில் மாடு கொட்டிலில் நிற்கும், கடிபட்டால் யாராவது பார்ப்பார்கள். உங்கள் பக்கம் மாடும் ஆடும் பகல் முழுவதும் வெளியே மேயும், நாயோ நரியோ கடித்தது தெரியாமலே போய்விடும். வாழ்வாதாரமாகக் கிடைத்த ஒரேயொரு பசு என்றால் அதைக் காப்பாற்றும் பதற்றத்தில் கையை விடத்தான் தோன்றும். பட்டிக்குத் திரும்பும்போது கால், மூக்கு, காதுப் பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய கடிகாயம் இருந்தால் பொலித்தீன் மாட்டிய கையால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மிருக வைத்தியரிடம் கேளுங்கள். அந்த மாட்டுக்கு ஊசி போடலாமா என்று அவர் சொல்வார்.

மாட்டைக் காக்கவும் பிள்ளையைக் காக்கவும் முதலில் ஊசி போடவேண்டியது நாய்க்குத்தான். ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டிருந்தால் அங்கே நோய் பரவ வழியில்லாமல் நின்றுவிடும். முன்பு தெருநாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். 2006இல் அது நிறுத்தப்பட்டது. கொன்ற இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய்கள் வந்து சேர்ந்தால் பழைய நிலைதானே! லயத்து நாய்களுக்கு என்று தனி எசமானர் இல்லை, எல்லாரும் சோறு வைப்பார்கள், ஊசி நாளில் யாரும் பிடித்துக்கொண்டு வரமாட்டார்கள். சோறு வைக்கும் கைக்குத்தான் நாய் அடங்கும், அந்தக் கை பெரும்பாலும் உங்களுடையது. அடுத்த ஊசி நாள் எப்போது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, கொழுந்து நிறுக்கும் நேரத்தோடு மோதாமல் பின்னேரத்தில், பெரட்டுக்களத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். குட்டிகளையும் கூடையில் போட்டுக் கொண்டுபோங்கள். கழுத்தில் கட்ட ஒரு துண்டுக் கயிறு வீட்டுக்கு வீடு எடுத்துவைத்தால் போதும், சங்கிலி தேவையில்லை.