கணவர் போய் ஐந்து வருஷம் ஆகணுமா? கைவிடப்பட்ட பெண்களுக்கான அரசு உதவி எங்கே தடுக்கி நிற்கிறது

கணவர் வீட்டை விட்டுப் போய் எத்தனை வருஷம் ஆச்சு? பல்லாவரத்தில் ஒரு பெண் இந்தக் கேள்விக்கு "மூணு வருஷம்" என்று பதில் சொன்னால், கைவிடப்பட்ட பெண்களுக்கான அரசு ஓய்வூதியத்துக்கு அவர் இன்னும் தகுதி பெறவில்லை என்று அர்த்தம். 30 வயது ஆகியிருக்க வேண்டும். அதோடு சட்டப்படி விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், அல்லது பிரிந்து வாழ்வதற்கு நீதிமன்றச் சான்று இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், கைவிடப்பட்டு ஐந்து வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். இதுதான் விதி.

ஐந்து வருஷம் என்பது எல்கேஜியில் சேர்ந்த குழந்தை மூன்றாம் வகுப்பு முடிக்கிற காலம். அதுவரை வாடகை எங்கிருந்து வரும், கேஸ் எங்கிருந்து வரும் என்று விதியில் எங்கேயும் இல்லை.

தமிழ்நாட்டில் பெண்களுக்குத் திட்டமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 1975-லேயே வந்துவிட்டது. கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியம் 1986-ல் வந்தது. 2022-ல் கைம்பெண்கள் மற்றும் ஆதரவற்ற மகளிருக்கென்று தனி நல வாரியமே அமைத்தார்கள். இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை, அந்தப் பெண்ணுக்கு உதவி மிகவும் தேவைப்படுகிற முதல் வருஷத்தைத் தவறவிடுகின்றன என்பதுதான் பிரச்சினை.

வேலை போனவரா, ஆதரவு போனவரா?

அமெரிக்காவில் 1970-களில் இதே நிலையில் இருந்த பெண்களுக்கு டிஷ் சாமர்ஸ் என்ற செயற்பாட்டாளர் ஒரு பெயர் வைத்தார்: டிஸ்ப்ளேஸ்டு ஹோம்மேக்கர். இடம்பெயர்க்கப்பட்ட இல்லத்தரசி என்று சொல்லலாம். போரில் வீடிழந்தவர்களுக்குச் சொல்லும் வார்த்தையை, கணவரின் மரணத்தாலோ பிரிவாலோ வாழ்வாதாரம் இழந்த பெண்ணுக்குப் பயன்படுத்தினார். 1975-ல் கலிஃபோர்னியா இதற்கென்று சட்டம் போட்டது. அடுத்த வருஷமே ஓக்லாந்தில் மில்ஸ் கல்லூரி வளாகத்தில் முதல் மையம் திறந்தது. ஆலோசனை, பயிற்சி, வேலைக்கு வழிகாட்டுதல் எல்லாம் ஒரே இடத்தில்.

அந்தப் பெயரில் ஒரு முக்கியமான பார்வை இருக்கிறது. ஃபேக்டரி மூடினால் தொழிலாளிக்கு வேலை போகிற மாதிரி, இவருக்கும் வேலை போயிருக்கிறது. பத்துப் பதினைந்து வருஷம் சமைத்து, குழந்தை வளர்த்து, மாமியாரைப் பார்த்துக்கொண்ட வேலை. நம் அரசுப் படிவங்களில் இருக்கிற வார்த்தைகளைப் பாருங்க: "ஆதரவற்ற", "கைவிடப்பட்ட". இரண்டுமே அவரை விட்டுப் போனவரை வைத்து அவரை வரையறுக்கிற வார்த்தைகள்.

இத்தனைக்கும் இங்கேயும் அந்தப் பார்வை இல்லாமல் இல்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில், கணவர் சம்பாதிக்க முடிவதற்கு மனைவியின் வீட்டு உழைப்பும் காரணம், அதனால் அவர் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பு சொன்னது. அதே வருஷம் செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் திட்டத்துக்கு "உதவி" என்று பெயர் வைக்காமல் "உரிமைத் தொகை" என்று வைத்ததற்கும், பெண்களின் ஊதியமில்லா உழைப்பை அங்கீகரிக்கிறோம் என்பதுதான் விளக்கம். நல்ல விளக்கம். ஆனால் ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருவருக்குத்தான் அந்தத் தொகை. பிரிந்து வந்த பெண்ணின் பெயர் இன்னும் புகுந்த வீட்டுக் கார்டிலேயே இருந்தால்? கார்டைப் பிரிப்பதே அவருக்கு முதல் போராட்டம்.

இன்னொன்று. இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவாகரத்தானவர்களைவிடச் சட்டப்படி விவாகரத்து ஆகாமல் பிரிந்து வாழ்பவர்கள் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதாவது கையில் கோர்ட் பேப்பர் இல்லாதவர்கள்தான் அதிகம். ஐந்து வருஷ விதி யார் தலையில் விழுகிறது என்று இதிலிருந்தே தெரியும்.

பல்லாவரத்திலிருந்து கிளம்பினால்

சான்றிதழ் இல்லாமல் எதுவும் நகராது. கைவிடப்பட்ட பெண் என்ற சான்றைத் தருவது வட்டாட்சியர். ஆதரவற்ற விதவைச் சான்றைத் தருவது வருவாய் கோட்டாட்சியர். வட்டாட்சியர் அலுவலகம் பல்லாவரத்திலேயே இருக்கிறது. கோட்டாட்சியருக்குத் தாம்பரம் போக வேண்டும். தையல் மெஷின், நல வாரியம் போன்றவற்றைப் பார்க்கிற மாவட்ட சமூக நல அலுவலகம் செங்கல்பட்டில். விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் போட்டுவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் விஏஓ விசாரணை, ஆர்ஐ விசாரணை, ஒரு பேப்பர் குறைந்தால் மறுபடியும் அலைச்சல். வீட்டு வேலைக்கோ சூப்பர் மார்க்கெட் பில்லிங்குக்கோ புதிதாகச் சேர்ந்த ஒருவர் இதற்காக எத்தனை நாள் லீவு போட முடியும்? 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது ஒன்றுதான் இந்த அலைச்சலில் ஆறுதல்.

எல்லாம் முடிந்து ஓய்வூதியம் கிடைத்தால் எவ்வளவு? விதவைகள் உள்ளிட்டோருக்கு 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கினார்கள். நாளுக்கு 40 ரூபாய். இந்தப் பணம் கையில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியும், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஜிஎஸ்டி ரோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, பல்லாவரத்தில் எந்தத் தெருவிலும் இதற்கு ஒரு ரூம் கிடைக்காது. திரும்ப எழுந்து நிற்பதற்கு வேலை வேண்டும்.

வேலைக்கு அரசு என்ன தருகிறது? முதலில் வருவது தையல் மெஷின். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இருக்கிற இலவசத் தையல் இயந்திரத் திட்டம், விதவைகளும் கைவிடப்பட்டவர்களும் வாங்கலாம். 20 முதல் 40 வயது, தையல் பயிற்சிச் சான்று வேண்டும். அடுத்தது மாவு மெஷின். நல வாரியம் வந்த பிறகு, உலர் மற்றும் ஈர மாவு அரைக்கும் இயந்திரம் வாங்கப் பாதி விலை மானியம், அதிகபட்சம் 5,000 ரூபாய்.

நேர்மையாகக் கேட்போம். குரோம்பேட்டையில் வரிசையாக ஜவுளிக்கடைகள், ரெடிமேட் துணி, பத்து நிமிஷத்தில் வீட்டுக்கே வருகிற பாக்கெட் மாவு. இதற்கு நடுவில் ஒரு தையல் மெஷினும் ஒரு கிரைண்டரும் எத்தனை பேரைத் தாங்கும்? தெருவுக்கு ஒரு பிளவுஸ் தைக்கிற அக்கா நன்றாகச் சம்பாதிக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். தெருவுக்கு நாலு பேர் வந்தால் நாலு பேருக்கும் போதாது. இந்த உதவிகளுக்குப் பின்னால் ஒரு எண்ணம் இருக்கிறது: பெண் வீட்டில் இருந்துகொண்டே ஏதாவது செய்யட்டும் என்று. பிஎஃப், இஎஸ்ஐ உள்ள மாதச் சம்பளத்தை அந்த எண்ணம் யோசிப்பதில்லை. இரண்டு ஸ்டேஷன் தள்ளி, தாம்பரம் சானடோரியத்தில் 1984-லிருந்து மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் இருக்கிறது. பெண்கள் ஷிஃப்ட் ஷிஃப்டாக வேலை பார்க்கிற இடம். மாவு மெஷின் கொடுக்கிற துறைக்கும் அந்த வளாகத்தின் ஆள் சேர்ப்புக்கும் ஒரு நேரடிப் பாதை போட்டிருக்கலாம்.

அரசு வேலை ஒதுக்கீட்டிலும் ஒரு கோடு இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் பெண்களுக்கான 30 சதவீதத்துக்குள் பத்து சதவீதம் ஆதரவற்ற விதவைகளுக்கு. மாத வருமானம் 4,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. விவாகரத்தானவர்களும் கைவிடப்பட்டவர்களும் இந்தப் பிரிவில் வர மாட்டார்கள். கணவர் இறந்தால் ஒதுக்கீடு உண்டு, ஓடிப்போனால் கிடையாது. அங்கன்வாடிப் பணிகளில் இந்தப் பாகுபாடு இல்லை. அங்கே பணியாளருக்கான வயது வரம்பு பொதுவாக 35 என்றால், விதவைகளுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் 40 வரை தளர்வு. ஒரு துறைக்குப் புரிகிறது, இன்னொன்றுக்குப் புரியவில்லை.

2025 மகளிர் தினத்தில் தொடங்கிய பிங்க் ஆட்டோ இன்னும் வேடிக்கை. விதவைகள், கைவிடப்பட்டவர்களுக்கு முன்னுரிமை, ஒரு லட்சம் ரூபாய் மானியம், உண்மையிலேயே வருமானம் தரக்கூடிய திட்டம். ஆனால் அறிவிப்பில் சென்னையில் குடியிருக்க வேண்டும் என்று இருந்தது. ஊரில் யாராவது கேட்டால் நாமெல்லாம் "சென்னை" என்றுதான் சொல்கிறோம். ஆதார் அட்டையில் பல்லாவரம் செங்கல்பட்டு மாவட்டம்.

ஏற்கெனவே இருக்கிற பதில்

சென்னைக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை. குழந்தையிலேயே விதவையாக்கப்பட்ட சகோதரி சுப்பலட்சுமி 1911-ல் பட்டம் வாங்கினார். அடுத்த சில ஆண்டுகளில், கடற்கரை ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தினார். தங்க இடம், படிப்பு, பிறகு ஆசிரியர் பயிற்சி. வெளியே வரும்போது அந்தப் பெண்கள் கையில் சம்பளம் வருகிற வேலைக்கான தகுதி இருந்தது.

அதே மாதிரியான ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது: தாம்பரம் அரசு சேவை இல்லம். விதவைகள், கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்றவர்கள் தங்கி, விட்ட பள்ளிப் படிப்பை முடித்து, தொழிற்பயிற்சியும் பெறுவதற்காகச் சமூக நலத் துறை நடத்துகிற இல்லம். உணவும் தங்குமிடமும் இலவசம். யோசனை என்ற அளவில், மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதுதான் சரியானது. ஆனால் 2025 ஜூனில் அந்த இல்லத்தில் தங்கியிருந்த 13 வயதுச் சிறுமி பாலியல் தாக்குதலுக்கு ஆளானார், காவலாளி கைது செய்யப்பட்டார். அடைக்கலம் தேடி வந்த இடத்திலேயே இது நடந்தால், "சேவை இல்லத்துக்குப் போம்மா" என்று எந்த வாயால் சொல்வது? பாதுகாப்பு, பெண் ஊழியர்கள், வெளியாட்களின் திடீர் ஆய்வு, இதையெல்லாம் செய்யாமல் புதுத் திட்டம் அறிவிப்பதில் பிரயோசனம் இல்லை.

இன்னொரு வழி பலருக்குத் தெரிவதே இல்லை. தமிழ்நாட்டு அரசு ஐடிஐகளில் சேரப் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. 38 வயதிலும் சேரலாம், 45 வயதிலும் சேரலாம். கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பல்லாவரத்தில் ரயில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் கிண்டி, அங்கே மகளிர் ஐடிஐ இருக்கிறது. பத்தாவது முடித்தவர் ஒரு வருஷத்தில் கணினி இயக்குபவர் மாதிரியான படிப்பை முடித்துச் சான்றிதழோடு வரலாம்.

சிக்கல் என்னவென்றால் அந்த ஒரு வருஷம் சாப்பிடுவது எப்படி? இங்கேதான் அரசு கை வைக்க வேண்டும். பயிற்சியில் சேர்ந்திருக்கிற பெண்ணுக்கு ஐந்து வருஷக் காத்திருப்பு வேண்டாம். சேர்ந்த மாதத்திலிருந்து படிப்பு முடிந்து ஆறு மாதம் வரை ஓய்வூதியத் தொகையையும் ஐடிஐ உதவித்தொகையையும் சேர்த்துத் தாருங்கள். கைவிடப்பட்டதற்குச் சான்றாக ஜீவனாம்ச மனுவின் நகலை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏமாற்றுவார்களே என்று பயமா? பொய்யாகக் கைவிடப்பட்டவள் என்று சொல்லிக்கொண்டு, ஒரு வருஷம் தினமும் கிண்டிக்கு ரயிலேறிப் போய் வகுப்பில் உட்காருகிறவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

200 அடி ரேடியல் ரோட்டில் தினமும் துரைப்பாக்கம் போகிற நமக்கும் இதில் பங்கு உண்டு. கேரியர் இடைவெளி எடுத்த பெண்களைத் திரும்பச் சேர்க்கும் திட்டத்தை டாடா குழுமம் 2008-லேயே தொடங்கியது. பிறகு பல கம்பெனிகள் பின்பற்றின. ஆனால் இவை பட்டதாரிகளுக்கானவை. அதே கட்டடத்தில் ஃபிரன்ட் ஆபீஸ், ஸ்டோர், கேன்டீன் கணக்கு என்று பத்தாவது, பன்னிரண்டாவது படித்தவர் பார்க்கிற வேலைகளுக்கு ஆள் எடுக்கும்போது, "முன் அனுபவம்" என்ற கட்டத்தைப் பார்த்தே விண்ணப்பத்தை ஓரம் வைக்கிறோம்.

உங்கள் வீட்டிலோ மேல் வீட்டிலோ யாராவது இப்போது இந்த நிலையில் இருந்தால், ஓய்வூதிய விண்ணப்பத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அவசரம் என்றால் 181. சட்ட உதவிக்கு 15100, அல்லது நேராகச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு அங்கே வக்கீல் இலவசம், வருமான வரம்பு கிடையாது. விவாகரத்து கேட்காமலேயே ஜீவனாம்சம் கேட்கலாம். இப்போது அது பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 144-வது பிரிவு. வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சம் கேட்டால், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிந்தவரை முடிவெடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நடைமுறையில் தாமதம் ஆகலாம். ஆனாலும் மனு போட்டு, நம்பர் ஆன நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எப்போதிலிருந்து தனியாக இருக்கிறீர்கள் என்று விஏஓ கேட்கும்போது, தேதியோடு எடுத்துக் காட்ட அந்தப் பேப்பர் இருக்கும்.