எரிச்சலுக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். குக்கர் விசிலுக்கே எரிச்சல் வரும். பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் பாய்ந்துவிட்டு, அடுப்படியில் தனியாக நின்று அழுகிற அம்மாக்கள் உண்டு. ‘டென்ஷன் பார்ட்டி’ என்று வீடே பெயர் வைத்துவிடும். நாளடைவில் அவரும் அதை நம்பித் தன்னையே நொந்துகொள்வார். இவர்களில் எத்தனையோ பேருக்கு ஹீமோகுளோபினைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். மாதவிலக்கில் அதிகம் ரத்தம் போகிறவர்களும், எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சத்தை வழித்துச் சாப்பிடுகிறவர்களும் (இதற்கு இன்னும் தியாகம் என்றே பெயர்!) சீக்கிரம் இதில் மாட்டுவார்கள்.

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை தந்தாலும், மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அந்த நிறம் மாத்திரையால் வருவது. டீ, காபியோடு விழுங்கினால் சத்து சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாறு என்றால் நல்லது. அளவு ஏறிய பிறகும் சில மாதங்கள் தொடரச் சொல்வார்கள். உடம்பின் கையிருப்பும் நிரம்ப வேண்டுமே!

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. ‘ஏம்மா எரிஞ்சு விழுற?’ என்று கேட்கிற பிள்ளையே கூட்டிக்கொண்டு போகலாம்.