திறந்து பார்க்கும் கடமை

தேனீக் கூட்டம் அழிந்தபின் காரணம் தேடுவது எளிது. அழியுமுன் அறிகுறியைக் காண்பதே அரிது. தேனீ வளர்ப்பில் மருந்தினும் மேலானது கண்காணிப்பே என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பகுதி தக்க சான்றாகும்.

அங்கு ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும் ஆண்டின் முதல் மாதங்களே தேன் பெருகும் பருவம். மலர்களில் அன்றி, இளந்தளிர்களின் காம்பில் சுரக்கும் இனிய நீரையே தேனீக்கள் மிகுதியாகத் திரட்டுகின்றன. இத்தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்ந்திருக்க, 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியது. இந்நோய் கண்ட புழு, கூட்டுப்புழுவாக மாறுமுன்பே இறந்து, நீர் நிறைந்த சிறு பை போலாகிவிடும். அடுத்த தலைமுறை பிறவாமையால் கூட்டம் தேய்ந்து மறையும். கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் இந்தியத் தேனீக் கூட்டங்களுள் பெரும்பகுதி அவ்வாறே அழிந்தது. நோயைத் தாங்கி எஞ்சிய கூட்டங்களைக் கண்டறிந்து பெருக்கியதாலேயே தொழில் மீண்டும் தழைத்தது.

நோய் ஒன்றே இழப்புக்குக் காரணம் அன்று. மழைக்காலத்தில் உணவு குறைகிறது. ராணித் தேனீ இறந்தால் முட்டையிடுதல் நின்றுபோகிறது. வலுவிழந்த கூட்டில் மெழுகு அந்துப்பூச்சி புகுந்து அடைகளை அரிக்கிறது. வயலில் தெளித்த பூச்சிக்கொல்லி, உணவு தேடிச் சென்ற தேனீக்களை மாய்க்கிறது. இவற்றுள் பெரும்பாலானவை முன்னரே தம்மைக் காட்டிக்கொள்பவை.

பெட்டியை அடிக்கடி திறந்தால் தேனீக்கள் கூட்டைவிட்டு ஓடிவிடும் என்பார் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு. எனினும், வாரம் ஒருமுறை, வெயில் மிதமான வேளையில், சில நிமிடங்கள் பார்ப்பதே போதுமானது. ராணியைத் தேடி அலையவும் வேண்டியதில்லை. தேனீயின் முட்டை மூன்று நாள்களில் பொரிந்துவிடும். ஆகவே, அறைகளில் முட்டைகள் இருப்பின் அண்மையில் ராணி அங்கு இருந்ததெனப் பெரும்பாலும் கொள்ளலாம். மகரந்தம் சுமந்து வருவன எத்தனை, வாயிலில் இறந்து கிடப்பன எத்தனை என்பவற்றைப் பெட்டியைத் திறவாமலே அறியலாம். கண்டதை நாளிட்டு எழுதிவைப்பவருக்கே சென்ற வாரத்திற்கும் இவ்வாரத்திற்கும் உள்ள வேறுபாடு புலப்படும்.

இக்கடமை ஒருவரோடு முடிவதன்று. தளிர்ப்பருவத்தைத் தேடிப் பெட்டிகள் ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லப்படுகின்றன. நோயுற்ற கூட்டத்தின் தேனை அயற்கூட்டத்துத் தேனீக்கள் கவரும்போது நோயும் உடன்செல்லும். எனவே, இழப்புக்கு அஞ்சி நோயை மறைத்துப் பெட்டியை விற்பவர் தம் இழப்பைப் பிறர் தோட்டங்களுக்கும் பகிர்ந்தளிக்கிறார். பூச்சிக்கொல்லி தெளிக்கும் உழவரும் முன்னரே அறிவித்து, தேனீக்கள் கூடடைந்தபின் மாலையில் தெளித்தல் வேண்டும்.

வெறுமையான பெட்டியை மீண்டும் நிரப்பப் பல மாதங்கள் ஆகும். அது வெறுமையாகாமல் காக்க வாரத்தில் சில நிமிடங்களே தேவை. அந்தச் சில நிமிடங்களைச் செலவிடத் தயங்குவோர் தேனை எதிர்பார்ப்பது முறையன்று.