ஒரு நாள் தோட்டக்காரர்கள்

ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். அன்றைக்கென்று கம்பெனி ஆட்கள் முப்பது பேர், ஒரே நிற டி-சர்ட்டும் கேமராவுமாக, ஆட்டிசம் உள்ள சின்னப் பிள்ளைகளோடு செடி நட வந்தால் அது யாருக்காக?

இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கூட்டமும் கூச்சலும் ஆகாது. தெரிந்த முகம், தெரிந்த நேரம், தினம் ஒரு சொம்புத் தண்ணீர்: தோட்டம் தரும் நன்மை இதில்தான் இருக்கிறது. பங்குனி வெயிலில் நம் காரைக்குடிச் செம்மண்ணில் நட்டுவிட்டுப் போனால், மறுவாரம் சருகுதான் மிஞ்சும்.

2013 கம்பெனிச் சட்டம் பெரிய கம்பெனிகளைச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவிடச் சொல்கிறது. அதைப் பயிற்சி பெற்ற ஆசிரியைக்குச் சம்பளமாகக் கொடுங்கள். ஆள் அனுப்புவதென்றால் இரண்டே பேர், வாராவாரம், அதே கிழமை, அதே நேரம். சிறுகீரை பறிக்கவே மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரைகூட வரமுடியாதவர்கள் மண்வெட்டியைத் தொடவேண்டாம்.