எதிர்ப்புச் சக்தி கூடக் கூட நல்லதா?

அச்சரப்பாக்கம் ஆட்சீஸ்வரர் கோயிலுக்குப் போனவர்கள் இந்தக் கதையைக் கேட்டிருப்பார்கள். திரிபுரத்தை அழிக்கச் சிவபெருமான் தேரேறிப் புறப்பட்டாராம். விநாயகரை வணங்காமல் கிளம்பியதால், தேரின் அச்சு இவ்விடத்தில் இற்றுப் போயிற்றாம். 'அச்சு இறு பாக்கம்' என்பதே அச்சரப்பாக்கம் ஆயிற்று என்பார்கள். கதையில் ஒன்றைக் கவனியுங்கள். அச்சை முறித்தது பகைவனின் அம்பு அல்ல. சொந்த வீட்டுப் பிள்ளை!

நம் உடம்பிலும் இப்படி நடப்பதுண்டு. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே நம் தசைகளைத் தாக்கும் நோய்கள் சில இருக்கின்றன. இவற்றுக்கு மையோசைட்டிஸ், அதாவது தசை அழற்சி என்று பெயர். நம் செங்கல்பட்டு மாவட்டத்துப் பல்லாவரத்தில் வளர்ந்த நடிகை சமந்தா, தமக்கு இந்நோய் இருப்பதாக 2022 அக்டோபரில் அறிவித்தார். பலர் அன்றுதான் இப்பெயரையே கேள்விப்பட்டனர். 'தங்கல்' படத்தில் சிறுமியாக நடித்த சுஹானி பட்நாகர், இதில் ஒரு வகையான டெர்மட்டோமையோசைட்டிஸ் நோயால் 2024 பிப்ரவரியில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 19.

காவலன் எப்படிப் பகைவன் ஆகிறான்? ஓர் உயிரணுவுக்குள் வைரஸ் புகுந்தால், அந்த உயிரணு சில புரதங்களை வெளியே அனுப்புகிறது. தெருவில் திருடன் நுழைந்தால் ஒரு வீட்டார் கூச்சலிட்டு அக்கம்பக்கத்தை எழுப்புவார்கள் அல்லவா? அதுபோலத்தான். இத்தகைய செய்திப் புரதங்களைச் சைட்டோகைன்கள் என்கிறோம். அவற்றுள் புகழ்பெற்றது இன்டர்ஃபெரான். 1957-ல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜீன் லிண்டன்மன் என்ற இருவர், கோழிமுட்டைக் கருவின் சவ்வில் இன்ஃபுளுயன்சா வைரஸை வைத்துச் சோதித்தபோது இதைக் கண்டுபிடித்தார்கள்.

கூச்சல் கேட்டு ஊர் எழுவது நல்லது. ஆனால் திருடன் இல்லாத தெருவில் இரவும் பகலும் கூச்சல் ஓயாவிட்டால்? கம்பும் கையுமாக வந்தவர்கள் வீட்டுக்காரரையே அடிக்கத் தொடங்குவார்கள். டெர்மட்டோமையோசைட்டிஸில் நடப்பது ஏறக்குறைய இதுதான். இந்நோயாளிகளின் தசையில், இன்டர்ஃபெரான் முடுக்கிவிடும் மரபணுக்கள் அளவுமீறி வேலை செய்வதை 2005-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். தசைக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் சிதைகின்றன. தசைக் கற்றைகளின் ஓரத்து இழைகள் சுருங்குகின்றன.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். 2020-ல் கொரோனா பரவியதிலிருந்து, 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று அச்சிட்ட டப்பாக்களைக் கடைதோறும் பார்க்கிறோம். எதிர்ப்புச் சக்தி என்பது கூடக் கூட நல்லது என்ற எண்ணத்தை இவை நம் மனத்தில் விதைக்கின்றன. இந்த எண்ணம் தவறு. வேண்டும்போது எழவும், வேண்டாதபோது அடங்கவும் தெரிந்ததே நல்ல எதிர்ப்புச் சக்தி.

"அப்படியானால் தடுப்பூசி எதற்கு?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! தடுப்பூசி வெறுமனே கூச்சலைக் கூட்டுவதில்லை. இன்ன கிருமியை இப்படி அடையாளம் காண் என்று பாடம் சொல்லித் தருகிறது. சத்துணவும் தூக்கமும் உடம்பைச் சீராக வைக்கின்றன. இவற்றை நான் குறை சொல்லவில்லை.

கூச்சலை அடியோடு அடக்கிவிடலாமா? அதுவும் ஆபத்தே. தசை அழற்சிக்கு மருத்துவர்கள் ஸ்டீராய்டு மருந்து தருகிறார்கள். அது அழற்சியைத் தணிக்கும். ஆனால் காவலும் தளர்வதால் வேறு கிருமிகள் எளிதில் புகலாம். ஆகவேதான் மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கிறார். அளவு பார்த்துக் குறைக்கிறார். ஸ்டீராய்டை நாமாகக் கடையில் வாங்கித் தின்பதும், நாமாகத் திடீரென்று நிறுத்துவதும் கூடவே கூடாது. இன்டர்ஃபெரானின் செய்தி உயிரணுவுக்குள் போகும் வழியில் 'ஜாக்' என்னும் நொதிகள் உள்ளன. அவற்றை மட்டும் தடுக்கும் மருந்துகளும் இன்று சில நோயாளிகளுக்குத் தரப்படுகின்றன.

இந்நோய் அரிது. பத்து லட்சம் சிறுவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 முதல் 4 பேருக்குத்தான் வருகிறது. ஓடி விளையாடிய மறுநாள் கால் வலித்தால் பயப்பட வேண்டாம். ஆனால் நேற்றுவரை மலைப்படி ஏறிய தோழி, இன்று மாடிப்படிக்கே கைப்பிடியைத் தேடுகிறாளா? தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லையா? தலைவாரக் கை உயரவில்லையா? இமை ஊதா நிறமாகி, விரல் முட்டிகளில் செந்தடிப்பு தெரிகிறதா? வாரக்கணக்கில் இப்படி இருந்தால் அவளைச் சோம்பேறி என்று கேலி செய்யாதீர்கள். ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லுங்கள். மருத்துவமனையில் இரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் அளவைப் பார்த்தாலே முதல் துப்புக் கிடைக்கலாம்.

காலத்தில் கண்டால் காப்பாற்ற வழி உண்டு. முதலில் கண்டுகொள்ளக்கூடியவர், பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நீங்களாகவே இருக்கலாம்!