அக்கரையிலிருந்து வரும் குரல்



‘சபர்’ என்ற சொல் நம் இல்லங்களுக்குப் புதிதன்று. பாட்டனார் ரங்கூனில் கடை வைத்திருந்தார். தந்தை ரியாதில் உழைத்தார். மகன் இன்று துபாயில் இருக்கிறான். ஊர்கள் மாறினவே தவிர, வீட்டில் காத்திருப்போரின் ஏக்கம் மாறவில்லை. எண்பதுகளில் ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்து, ஊர் திரும்புவோர் கையில் கொடுத்தனுப்புவார்கள். ஒரு பக்கம் பெற்றோருக்கு, மறு பக்கம் மனைவிக்கு. (மறு பக்கத்தை நாத்தனார் ஒளிந்திருந்து கேட்ட கதைகள் ஊருக்கு ஊர் உண்டு!) பின்னர் மஞ்சள் பலகை தொங்கும் ஐ.எஸ்.டி. கூடங்கள் வந்தன. கண்ணாடி அறைக்குள் நின்று, சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நலம் விசாரித்து முடிப்பதற்குள் பணம் தீர்ந்துவிடும்.

இன்று முகம் பார்த்தே பேசலாம், செலவும் இல்லை என்பார்கள். அதை முழுதும் நம்பிப் புறப்பட்டவன்தான் என் லாத்தாவின் மகன். முதல் பயணம். தந்தையின் பெயரிலிருந்த மாதக் கட்டண இணைப்பைக் கையோடு கொண்டு போனான். துபாயில் இறங்கியதும் தொலைபேசி தானாக அந்நாட்டு வலையமைப்பைப் பற்றிக்கொண்டது. வழியில் எடுத்த படங்களெல்லாம் அவன் அறியாமலேயே இணையத்தில் ஏறிக்கொண்டிருந்தன. உம்மாவுக்கு அவன் போட்ட அழைப்பு ஒன்றே ஒன்று. மாத முடிவில் வந்த கட்டணச் சீட்டைக் கண்டு மச்சான் வாயடைத்துப் போனார். பிள்ளை முதல் சம்பளம் வாங்குவதற்குள் வீட்டிலிருந்து பணம் போயிற்று.

ஆகவே, விமானத்தில் ஏறும் முன்பே ‘டேட்டா ரோமிங்’ என்பதை நிறுத்திவிடுங்கள். அதற்காக இந்தியச் சிம்மைக் கழற்றி எறிந்துவிடவும் கூடாது. வங்கியின் இரகசிய எண் அந்த எண்ணுக்குத்தான் வரும். வெளிநாட்டில் குறுஞ்செய்தி பெறும் வசதியை ஊரிலேயே இயக்கிவிட்டு, இரண்டு சிம் கொள்ளும் தொலைபேசியில் அதனை இரண்டாவதாக வைத்து, குறைந்த அளவு ரீசார்ஜ் மட்டும் தவறாமல் செய்து வாருங்கள். நெடுநாள் பயன்படுத்தாத எண் துண்டிக்கப்பட்டு வேறொருவர் கைக்குப் போய்விடும். அதன்பின் உங்கள் வங்கிச் செய்தி யாரோ ஒருவருக்குப் போகும்.

அடுத்து, போய்ச் சேர்ந்த நாட்டின் சட்டம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் மூலம் செய்தியும் படமும் அனுப்பலாம். ஆனால் அதில் அழைத்துப் பேசுவதற்குத் தடை இருந்து வருகிறது. அங்கு அனுமதி பெற்ற ‘போட்டிம்’ போன்ற செயலிகளைத் தொலைபேசி நிறுவனத்தின் இணைய அழைப்புத் திட்டத்தோடு சேர்த்துப் பயன்படுத்தலாம். 2018ஆம் ஆண்டு அத்திட்டம் அறிமுகமானபோது கைப்பேசிக்கு மாதம் 50 திர்ஹம், வீட்டு இணைய இணைப்புக்கு 100 திர்ஹம் என விலை வைத்தார்கள். விலை அவ்வப்போது மாறும், கணக்கு மாறாது. ஓர் அறையில் ஆறு பேர் தங்கியிருந்து ஒரே இணைப்பைப் பகிர்ந்தால், அந்த 100 திர்ஹம் ஆளுக்கு 17 திர்ஹமுக்குள் அடங்கிவிடும். தனித்தனியே 50 கொடுப்பானேன்? சவூதி அரேபியா, தன் விதிகளுக்கு உட்படும் அழைப்புச் செயலிகள் மீதிருந்த தடையை 2017 செப்டம்பரில் நீக்கியது. நாட்டுக்கு நாடு நிலைமை வேறுபடும். பழகிய ஸ்கைப்கூட 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது. எனவே பழைய நண்பர் சொன்னதைக் கேட்டுப் புறப்படாமல், இப்போது அங்கிருப்பவரிடம் விசாரியுங்கள்.

“வி.பி.என். போட்டால் எல்லாம் திறக்கும், காக்கா!” என்று அறைத் தோழர்கள் சொல்வார்கள். திறக்கும்தான். ஆனால் அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டம், பொய்யான இணைய முகவரியைக் கொண்டு குற்றம் புரிவோருக்கும் அதை மறைப்போருக்கும் சிறைத் தண்டனையோ, 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. மாதம் 50 திர்ஹமை மிச்சம் பிடிக்க இவ்வளவு பெரிய ஆபத்தைத் தலையில் சுமக்க வேண்டுமா? அன்றியும், இலவசமாகக் கிடைக்கும் வி.பி.என். செயலியின் வழியாகத்தான் உங்கள் தொலைபேசியின் போக்குவரத்து முழுதும் செல்கிறது. வங்கிக் கணக்கும் அதே தொலைபேசியில்தான் இருக்கிறது.

தொழிலாளர் குடியிருப்புகளில் மிக மலிவான அழைப்பு அட்டைகளும் செயலிகளும் விற்கப்படுவதுண்டு. அவற்றில் பேசினால் ஊரில் உம்மாவின் தொலைபேசியில் மகனின் எண் தெரியாது. ஏதோ ஒரு தமிழ்நாட்டு எண் தெரியும். காரணம் இதுதான்: அக்குரல் இணையம் வழியே இந்தியாவுக்கு வந்து, பல சிம் அட்டைகள் செருகிய ‘சிம் பாக்ஸ்’ என்னும் பெட்டியில் நுழைந்து, உள்ளூர் அழைப்பாக உருமாறி வருகிறது. இத்தகைய இணைப்பகம் நடத்துவது நம் நாட்டில் குற்றம். இதில் நான் அதிகம் அஞ்சுவது வேறொன்று. ஒவ்வொரு முறையும் புதிய எண்ணிலிருந்து மகன் பேசினால், அறியாத எண்ணை எடுத்துப் பேசும் பழக்கம் தாய்க்கு வந்துவிடும். “உங்கள் மகன் போலீசில் மாட்டிக்கொண்டான், உடனே பணம் அனுப்புங்கள்” என்று பேசும் மோசடிக்காரன் நுழைவதும் அதே வாசல் வழியாகத்தான். வெளிநாட்டிலிருந்து இந்திய எண்போல வேடமிட்டு வரும் அழைப்புகளைத் தடுக்க மத்திய அரசு 2024 அக்டோபரில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஆயினும் வீட்டார் விழிப்போடு இருப்பதற்கு அது மாற்றாகாது. மகனுக்கு ஒரே எண் இருக்கட்டும். வேறு எண்ணிலிருந்து பணம் கேட்டு அழைப்பு வந்தால், துண்டித்துவிட்டு அந்த எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். அறைத் தோழர் ஒருவரின் எண்ணையும், வேலை பார்க்கும் இடத்தின் எண்ணையும் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இணையம் அறுந்த வேளையில் அழைக்க, சிறிதளவு சாதாரண அழைப்புப் பணமும் அவர் கைப்பேசியில் எப்போதும் இருக்க வேண்டும்.

முகம் பார்த்துப் பேசும் அழைப்பு, குரல் அழைப்பைப் போலப் பல மடங்கு இணையத்தைத் தின்னும். தினமும் முகம் பார்க்கத்தான் வேண்டுமா என்பதைக் கணவன் மனைவியே முடிவு செய்துகொள்ளட்டும். அதில் நான் தலையிடேன். ஆனால் நேரத்தைப் பற்றி ஒன்று சொல்வேன். துபாயில் இரவு பத்தரை என்றால் இங்கே நள்ளிரவு 12. ரியாதில் பத்தரை என்றால் இங்கே ஒரு மணி. வேலை முடிந்து, சமைத்து உண்டு அவர் அழைக்கும்போது, காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய பெண் கண் விழித்துக் காத்திருக்கிறாள்.

இதற்கு என் லாத்தா மகன் ஒரு வழி கண்டான். வேலைக்குப் போகும் பேருந்தில் இருந்தபடியே வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிடம் குரலைப் பதிந்து அனுப்பிவிடுகிறான். அமீரகத்தில் அதற்குத் தடையில்லை, செலவும் மிகச் சொற்பம். இருவரும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்க வேண்டியதுமில்லை. லாத்தா அடுப்படி வேலை முடித்துக் கேட்டு, மறுமொழி பதிந்து அனுப்புகிறார். பழைய ஒலிநாடாதான், ஆனால் அதே நாளில் வந்து சேர்ந்துவிடுகிறது. சென்ற மாதம் தொலைபேசியில் இடமில்லை என்று கடைக்காரத் தம்பியிடம் கொடுத்தாராம். “கல்யாணப் படத்தையெல்லாம் வேணும்னா அழிச்சுக்கோ வாப்பா, அவன் பேசுனதுல மட்டும் கைவச்சிடாதே” என்றாராம்.