தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் மைதானம் வேண்டும்

கிரிக்கெட் துரைமார் கொண்டுவந்த ஆட்டம், சீமான்கள் வளர்த்த ஆட்டம், அதற்குத் தொழிலாளி வர்க்கப் பத்திரிகையில் தலையங்கம் எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அப்படிக் கேட்கும் தோழர் ஞாயிற்றுக்கிழமை காலையில் தம் தெருக்கோடி வரை நடந்து பார்க்கட்டும். பெரம்பூரிலும் ஆவடியிலும் சேலத்துத் தறிக்காரர் தெருக்களிலும் டென்னிஸ் பந்தை வைத்து ஆடுகிறார்களே, அந்தப் பையன்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்? தறி ஓட்டுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைகள்தான். ஆட்டம் எப்போதோ அவர்கள் கைக்கு வந்துவிட்டது. ஆட்டத்தில் முன்னேறும் வழிதான் வந்து சேரவில்லை.

வட சென்னையில் நாம் நேரில் பார்த்த ஒரு பேட்டைக் கழகத்தின் நிலையைச் சொல்கிறோம். முப்பது பையன்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு சாமான் பை. அதில் கால் காப்பு இரண்டு ஜோடி, தலைக் கவசம் ஒன்று. ஒருவன் ஆட்டமிழந்து வெளியே வந்து கவசத்தைக் கழற்றித் தந்தால்தான் அடுத்தவன் உள்ளே போக முடியும். பயிற்சி கொடுப்பவர் ஓய்வு பெற்ற ரயில்வே தொழிலாளி, சம்பளம் கிடையாது. மைதானம் என்பது பாதி லாரிகள் நிற்கும் புறம்போக்கு நிலம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் தோல் பந்து. மற்ற நாட்களில் டென்னிஸ் பந்து. பந்து தேய்ந்துவிட்டால் மறுபந்து வாங்க மாதச் சந்தாவை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

தோல் பந்து ஏன் இவ்வளவு முக்கியம்? அதன் எடை ஏறக்குறைய 160 கிராம். நடுவே தையல் இருக்கிறது. தரையில் பட்டு அது திரும்புவதும் எழும்புவதும் டென்னிஸ் பந்தின் போக்குக்கு முற்றிலும் வேறு. அதற்குப் பயப்படாமல் முன்காலை எடுத்துவைக்கப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பழக வேண்டும். சரியான ஆடுகளத்தில் பழக வேண்டும். 14 வயதுக்குட்பட்டோர் அணி, 16 வயதுக்குட்பட்டோர் அணி என்று தேர்வுகள் தொடங்குவதும் அந்த வயதில்தான். மாதம் ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டிப் பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பிள்ளை அந்தத் தேர்வுக்குத் தயாராக நிற்கிறான். பேட்டைப் பையன் பதினேழு வயதில் தோல் பந்தை நன்றாகக் கையில் பிடிக்கும்போது இரண்டு படிகள் ஏற்கெனவே அவனைக் கடந்து போய்விட்டன. பிறகு, "திறமை போதவில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்!

நாம் இப்படிச் சொன்னால் நடராஜனைக் காட்டி வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். சின்னப்பம்பட்டியில் தறித் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காகப் பந்து வீசி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் இன்னிங்ஸிலேயே 3 விக்கெட் எடுத்தவர் அவர். நமக்கும் பெருமைதான். ஆனால் அவர் வந்த வழியைப் பாருங்கள். ஏறக்குறைய 20 வயது வரை டென்னிஸ் பந்துதான். பிறகு சென்னை லீக்கின் நான்காவது டிவிஷனில் அவர் ஆடிய அணி எது? பி.எஸ்.என்.எல். அணி. அதாவது, பொதுத்துறை. தோனியும் இந்திய அணிக்கு வருமுன் கரக்பூரில் ரயில்வே டிக்கெட் பரிசோதகராக இருந்தவரே. ரயில்வேயும், தபால் தந்தியும், பொதுத்துறை வங்கிகளும், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் ஏழை ஆட்டக்காரனுக்கு மாதச் சம்பளம் தந்தன. ஆட மைதானமும் தந்தன. கருணையால் தரவில்லை. தொழிற்சங்கமும் பொதுத்துறையும் இருந்ததால் கிடைத்த உரிமை அது.

அந்த ஏணியின் கதி என்ன? பி.எஸ்.என்.எல்லில் 2020 ஜனவரி முடிவில் ஒரே வீச்சில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேற்றப்பட்டார்கள். நிரந்தர வேலை சுருங்கி, காண்ட்ராக்ட் முறை பெருகும் இடத்தில் விளையாட்டு வீரனை வேலைக்கு எடுப்பார் யார்? சர்க்கார் வேலையில் ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். அது பதக்கம் வாங்கியவனுக்கு. பதக்கத்துக்கு முந்தைய ஐந்து வருஷம் அவன் எதைத் தின்று வாழ்வது? பத்தொன்பது வயதில் வீட்டுக் கஷ்டத்துக்காக மட்டையை மூலையில் சாத்திவிட்டு உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குப் போன இருவரை அந்தப் பேட்டைக் கழகத்திலேயே பார்த்தோம். இருவரும் நல்ல வேகப் பந்து வீச்சாளர்கள்.

பணம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை மட்டும் 2023 முதல் 2027 வரை ஐந்தாண்டுகளுக்கு 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. அதிலிருந்து பேட்டைக் கழகத்துக்கு ஒரு பாயாவது வந்து விழுந்ததா?

மைதானத்தின் கதையும் இதுதான். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி தன் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆடுகிறவன் தலைக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கியது. இன்று கால்பந்து என்றால் நாளை கிரிக்கெட். விழிப்பாக இருந்தால் தடுக்க முடியும் என்பதையும் அந்தச் சம்பவமே காட்டிவிட்டது.

சாதியை மறந்துவிட்டுப் பேசவும் நாம் தயாரில்லை. பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதான வேலை பார்த்த ஒடுக்கப்பட்ட சாதி இளைஞர் பல்வங்கர் பாலு. துரைமாருக்கு வலையில் மணிக்கணக்காகப் பந்து வீசினார். மட்டை பிடிக்க அவரை அழைத்தவர் இல்லை. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்த அவருக்கு, இந்து அணியின் தலைமை கடைசி வரை கிடைக்கவில்லை. இன்றும் எத்தனை தேர்வுகளில் "எந்த ஏரியா தம்பி?" என்பது முதல் கேள்வியாக இருக்கிறது என்று அந்தப் பையன்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நம் வாலிபர் இயக்கத் தோழர்களிடமும் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. வருஷத்துக்கு ஒரு போட்டி, தியாகி பெயரில் ஒரு கோப்பை, மேடை, மைக், பரிசளிப்பு. இவையெல்லாம் சரி. மறுநாள் அந்தப் பையன்கள் எங்கே ஆடுகிறார்கள் என்று யார் விசாரித்தது? பெண் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று யார் கேட்டது? பகுதிக் கமிட்டி விடாமல் முயன்றால் ஒரு சிமெண்ட் தளமும், பாயும், மாலையில் இரண்டு விளக்கும் வாங்கித் தர முடியாதா?

வார்டுதோறும் கட்டணமில்லாத பொது மைதானம் வேண்டும். கிரிக்கெட் சங்கங்கள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கைப் பந்துக்கும், சாமான்களுக்கும், பயிற்சியாளர் சம்பளத்துக்கும் பேட்டைக் கழகங்களுக்கு நேரடியாகத் தர வேண்டும். பொதுத்துறையில் விளையாட்டு வீரர்களை நிரந்தர ஊழியர்களாக எடுக்கும் முறையை விரிவாக்க வேண்டும். இவற்றைச் சர்க்காரிடமும் சங்கங்களிடமும் கோருகிறோம்.

நாம் குறிப்பிட்ட கழகத்தின் பையன்கள் புறம்போக்கு நிலத்திலிருந்து லாரிகளை அகற்றக் கோரி மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். முப்பது பேரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மாரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மனு போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.